டெட்லிங் போட்ட ஒற்றை ஷூ

அந்த ஆற்றுக் கப்பல் கம்பெனியின் பயணப் புத்தகத்தில் மலை நடைக்கு மதிப்பெண் கிடையாது, ஷூ உண்டு. ஒரு ஷூ படம் போட்டிருந்தால் சுலபம். இரண்டு என்றால் சுமார். மூன்று என்றால் யோசித்து வா என்று அர்த்தம். மோசல் ஆற்றங்கரையில் எல்லர்பாக் ஊருக்கு மேலே இருக்கும் திராட்சைத் தோட்ட நடைக்கு ஒன்பது வருடமாக ஒரே ஒரு ஷூதான். போட்டவர் ஃபோல்க்மார் டெட்லிங். கப்பலில் சுற்றுலா ஏற்பாடுகளுக்கெல்லாம் அவர்தான் தலைவர்.

அந்த ஒரு ஷூவைத்தான் ரோன்யா பீட்ரெக் அடித்துவிட்டு மூன்று போட்டாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. ஆறு முடிந்தால்தான் நிரந்தரம். எல்லா நடைகளையும் மறுபடி நடந்து பார்த்து எத்தனை ஷூ என்று எழுதுவதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. அடுத்த வருடப் புத்தகம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இருபத்திரண்டு தாள்களில் இருபத்தொன்றை டெட்லிங் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். கடைசித் தாளில் பேனா நின்றது.

"என்ன கிறுக்குத்தனம் இது? நம்ம கப்பல்லயே அதிகமா விக்கிற நடை. கீழ எறங்கினா ஒயின். மூணு ஷூ போட்டா எவன் வருவான்?"

"வர்றவங்க முழுசாத் திரும்பி வருவாங்க சார்."

"நான் என் காலால நடந்து பாத்துதான் போட்டேன். ஏத்தம் நாப்பது நிமிஷம். ஒரு எடத்துல நிக்கல."

"எறக்கம்?"

"எறக்கத்துக்கு என்ன? ஏறுறதுதான் வேலை. எறக்கம் தானா வரும்."

ரோன்யாவுக்குச் சுருக்கென்றது. அவள் அப்பா டூயிஸ்பர்க்கில் முப்பத்தொரு வருடம் முட்டிபோட்டுத் தரைக்கு ஓடு பதித்தவர். மூன்றாம் மாடி வீட்டுக்கு இளவரசன் மாதிரி ஏறுவார். இறங்கும்போது பின்னோக்கித் திரும்பி, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, படிக்கு ஒரு வசவு என்று திட்டித் திட்டி இறங்குவார். இறக்கம்தான் முட்டியைத் தின்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்குப் பல்கலைக்கழகம் தேவைப்படவில்லை. சொன்னால் நாலு பேர் காது கொடுப்பார்கள் என்றுதான் போனாள், அந்த வீட்டிலிருந்து போன முதல் ஆள். உடற்பயிற்சி அறிவியலில் பட்டத்தாள் கையில் இருக்கிறது. காதைத்தான் இன்னும் காணோம்.

"நாளைக்கு நானும் வர்றேன்," என்றார் டெட்லிங். "எல்லாரும் நல்லா எறங்கிட்டா ஒரு ஷூ. இந்த வேலை உனக்கு ஒத்துவருமான்னும் அப்பவே பேசி முடிச்சிடலாம்."

"எறங்கலன்னா?"

"நீ என்ன எழுதுறியோ, அதுக்குக் கீழ என் கையெழுத்து."

மறுநாள் காலை கரையில் இடமில்லை. இவர்கள் கப்பலை இன்னொரு கப்பலின் விலாவில் கட்டியிருந்தார்கள். அதன் மேல்தளத்துக்கு ஏறி, குறுக்கே நடந்து, மறுபக்கம் இறங்கித்தான் கரையைத் தொட வேண்டும். நடைக்குப் பேர் கொடுத்த பன்னிரண்டு பேரும், அங்கே வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே வரிசையாகத் தாண்டிப் போனார்கள்.

"முப்பத்தாறு படி!" என்று அறிவித்தார் லூடெக்கே. எழுபத்தேழு வயது, ஓய்வுபெற்ற நில அளவைக்காரர், எதையும் எண்ணாமல் தாண்டமாட்டார். "இன்னும் மலையே ஆரம்பிக்கல."

"அதெல்லாம் கணக்குல வராது சார்," என்றார் டெட்லிங்.

"என் காலுக்கு அது தெரியாதே."

பின்னால் வந்த இர்ம்ட்ராவ்ட் ஹெசல்பாக் குடைக்காம்பால் டெட்லிங்கின் முதுகைத் தட்டினாள். எண்பத்தொரு வயது. பிரேமர்ஹாஃபனில் தபால் கொடுத்தவள். "தம்பி, மேல கக்கூஸ் எங்க இருக்கு?"

"மேடம், இது ஒரு ஷூ நடை."

"அப்போ ஷூவுக்குள்ளயே போயிடணுமா?"

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். ரோன்யா சிரிக்கவில்லை. நடந்து பார்த்து மூன்று ஷூ போட்டவள், கக்கூஸைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ஏற்றத்தில் நடந்ததைப் பார்த்தால் அவள் வேலை அங்கேயே போயிருக்க வேண்டும். கிழங்கள் ஏறின பாருங்கள், ஆட்டுக்குட்டிகள் மாதிரி! இடுப்பில் போட்ட உலோகம் யாருடையது விலை அதிகம், எந்த ஆஸ்பத்திரியில் சூப் நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டே ஏறின. டெட்லிங் முன்னால் சீட்டியடித்துக்கொண்டு போனார். நாலு பேரின் ஸ்வெட்டரும் முதலுதவிப் பையும் தூக்கிக்கொண்டு ரோன்யா கடைசியாக வந்து சேர்ந்தாள்.

"ரெண்டு பேருக்குத்தான் மூச்சு வாங்குது," என்றார் அவர். "அதுல ஒருத்தி நீ." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "கஷ்டமெல்லாம் முடிஞ்சிது நண்பர்களே! இனிமே எறக்கம். அது தானா வரும்."

இறக்கம் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே செங்குத்தாகப் போனது. ஸ்லேட்டுக் கல்லில் வெட்டிய படிகள், ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது தீப்பெட்டி உயரம். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. உட்காரப் பலகை இல்லை.

இர்ம்ட்ராவ்ட் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். குடையை இடுப்புப் பட்டையில் செருகினாள். திரும்பி நின்றாள். கொடிக்கு ஊன்றிய கழிகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி இறங்க ஆரம்பித்தாள், படிக்கு ஒரு வசவோடு. டூயிஸ்பர்க் மாடிப்படியைப் பார்ப்பது போலிருந்தது ரோன்யாவுக்கு. லூடெக்கே உட்கார்ந்துவிட்டார், படிப்படியாகப் பின்புறத்தாலேயே எண்ணிக்கொண்டு நகர்ந்தார். ட்ரியரிலிருந்து வந்த வைலாண்ட் தம்பதி கை கோத்துக்கொண்டு, ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். நேரம் ஆனது, ரொம்ப நேரம். ஆனால் யாரும் நிற்கவில்லை.

நின்றவர் டெட்லிங்தான். மூன்றில் ஒரு பங்குகூடத் தாண்டவில்லை.

"என்ன சார்?"

"காட்சிய ரசிக்கிறேன்."

"தோட்டத்துச் சுவரப் பாத்தா?"

டெட்லிங் இடது முட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஒன்பது வருடத்துக்கு முன் அந்தத் தாளில் ஷூ போட்டபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. முட்டிக்கும்தான். ரோன்யா ஸ்வெட்டர்களைக் கீழே போட்டுவிட்டு அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். ஒரு படி இறங்கினார்கள். "ஐயோ" என்றார். ஏறிப் பார்த்தார்கள். அதற்கும் "ஐயோ"தான்.

படிக்கட்டை ஒட்டி ஒற்றைத் தண்டவாளம் ஒன்று மலையில் ஏறிப்போகிறது. திராட்சைப் பெட்டிகளை இறக்க அதில் ஒரு சின்ன பெட்ரோல் வண்டி ஓடும். அறுவடைக் காலம். தோட்டக்காரி கெர்லிண்டே டடடடவென்று வந்து வண்டியை நிறுத்தினாள்.

"என்னப்பா, நட்டு வெச்ச மாதிரி நிக்கிற? வருஷா வருஷம் ஆளுங்கள அனுப்புவியே, நீதானே அது?"

"கால் கொஞ்சம்..."

"ஏறு. அந்தப் பெட்டி மேல உக்காராத, பழம் நசுங்கிடும். ஓரமா."

பெட்டிகளுக்கு நடுவில் முட்டியைக் கட்டிக்கொண்டு, டெட்லிங் மலையிறங்கினார். பின்னோக்கி இறங்கியதால் இர்ம்ட்ராவ்டின் முகம் மேலே பார்த்து இருந்தது. அவர் வருவதை முதலில் கண்டவள் அவள்தான்.

"எல்லாரும் பாருங்க!" என்று மலை அதிரக் கத்தினாள். "எறக்கம் தானா வருது!"

பதினோரு பேர் நின்ற இடத்திலேயே கைதட்டினார்கள். லூடெக்கே உட்கார்ந்த இடத்தில்.

கீழே ஒயின் நிலவறையில் இர்ம்ட்ராவ்ட் கிளாஸை நீட்டியவளைத் தள்ளிவிட்டு முதலில் கக்கூஸுக்கு ஓடினாள். அவள் திரும்பி வந்தபோது, ரோன்யா தாளை டெட்லிங் முன் வைத்துப் பேனாவைத் திறந்து கொடுத்திருந்தாள். ஜெயித்த முகத்தை மறைக்கக்கூட முயலவில்லை.

இர்ம்ட்ராவ்ட் தாளை எட்டிப் பார்த்தாள். "மூணு ஷூவா? யார் போட்டது?"

"நான்தான் மேடம்."

"இதப் பாத்திருந்தா நான் கப்பல்லயே உக்காந்து கேக் தின்னுட்டிருந்திருப்பேன். முப்பத்தெட்டு வருஷம் தபால் பையத் தூக்கிட்டு மாடி மாடியா ஏறி எறங்கினவ நான். எனக்கு முடியும் முடியாதுன்னு சொல்ல நீ யாரு?"

"ஒண்ணுன்னு போட்டிருந்ததாலதான் நான் கைத்தடிய கேபின்ல விட்டுட்டு வந்தேன்," என்று எரிந்து விழுந்தாள் திருமதி வைலாண்ட். "இந்த மனுஷனப் புடிச்சிட்டு எறங்க வேண்டியதாப் போச்சு."

ரோன்யாவின் முகம் விழுந்தது. நாலாம் வகுப்பு முடிவில், யார் எந்தப் பள்ளிக்கு என்று பிரிக்கும்போது, அவள் ஆசிரியையும் இப்படித்தான் ஒரு தாளில் எழுதினாள்: ரோன்யாவுக்கு மேல்படிப்புப் பள்ளி சிரமமாக இருக்கும். என்ன சிரமம், எந்தப் பாடத்தில், ஒரு வார்த்தை கிடையாது. அதையும் அக்கறை என்றுதான் சொன்னார்கள். அந்தத் தாளைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவள், இப்போது தானும் எழுதியிருக்கிறாள். மூன்று ஷூ.

டெட்லிங்கின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். மூன்று ஷூக்களையும் அடித்தாள்.

"லூடெக்கே சார், எத்தன படி?"

"நானூத்திப் பன்னெண்டு."

"நானூத்தி ஒம்பது," என்றார் திரு வைலாண்ட்.

"நீங்க காலால எண்ணினீங்க. நான் உக்காந்து எண்ணினேன், எனக்கு ஒண்ணும் தப்பல."

அவள் எழுதினாள். *இறக்கம்: ஸ்லேட்டுக் கல் படிகள் 412. கைப்பிடி இல்லை. உட்கார இடம் இல்லை. சில படிகள் முழங்கால் உயரம். கைத்தடி கொண்டுவரவும். கழிப்பறை: நிலவறையில் மட்டும், அதாவது இரண்டரை மணி நேரம் கழித்து. கப்பல் இணைத்துக் கட்டப்பட்டிருந்தால் இன்னும் 36 படி.*

"புத்தகத்துல இவ்வளவு எடம் கெடையாது," என்றார் டெட்லிங். காலை நாற்காலி மேல் நீட்டி, முட்டியில் கெர்லிண்டே கொடுத்த ஐஸ் பையை வைத்திருந்தார்.

"ஒயின் கிளாஸ் படம் அரைப் பக்கம் வருது சார். அதச் சின்னதாக்குங்க."

"இதப் படிச்சிட்டு ஒருத்தன்கூட வரமாட்டான்."

"நான் வருவேன்," என்றாள் இர்ம்ட்ராவ்ட். "காபி குடிக்காம வருவேன்."

டெட்லிங் பெருமூச்சு விட்டுத் தாளை இழுத்தார். சொன்ன சொல் சொன்னதுதான், அவர் இறங்கின அழகுக்குச் சாட்சி பன்னிரண்டு பேர் வேறு. "சரி. கோபெர்ன்னு ஒரு மலை நடை இருக்கு, அச்சுக்கு முன்னாடி, திங்கக்கெழமையே அதையும் மறுபடி நடந்து இப்படியே எழுது. அதுலயும் நான்தான் ஷூ போட்டேன்." கையெழுத்துப் போடப் போனவர் நிமிர்ந்தார். "ஒரே ஒரு வேண்டுகோள். அந்த வண்டி விஷயம் மட்டும் எங்கயும் வர வேணாம்."

"ஒரு நிமிஷம் சார்," என்று தாளைத் திரும்ப வாங்கினாள் ரோன்யா. கடைசியில், அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு நேர் மேலே, ஒரு வரி சேர்த்தாள்.

*இறங்க முடியாதவர்களுக்குத் தோட்டத்துப் பெட்டி வண்டி உண்டு. தலைவரே ஏறிச் சோதித்துப் பார்த்தார்.*

டெட்லிங் அந்த வரியைப் பார்த்தார். இர்ம்ட்ராவ்ட் குடையோடு பக்கத்தில் நின்றதையும் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.