சத்தம் கேட்டு வாங்கிய மெஷின்

என் இரண்டு காதுகள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. இடது காது கடைசியாக வேலைக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. வலது காது அரை நாள்தான் வரும். அதனால் சத்தியத்தின் எடை குறைந்துவிடாது. என் பெயர் அய்யம்பெருமாள். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு 2002-இல் ஓய்வு பெற்றேன். பொய் சொல்ல வேண்டிய உத்தியோகம் எதையும் நான் பார்த்ததில்லை.

காது போனதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். அரவை மில் பக்கம் போகும்போது காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார்கள். நான் அதைச் சேர்த்துவைத்து ஒரு தலையணை தைத்துக்கொண்டேன். நல்ல தலையணை. இன்றும் அதில் தலை வைத்தால் யார் கூப்பிட்டாலும் கேட்பதில்லை.

என் மனைவி லீலாவதியிடம் ஒரு கல் இருந்தது. கல்யாணமான வருஷம் ரெட்டிபாளையத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, சுண்ணாம்புக்கல் வெட்டிக் கொட்டிய மேட்டில் அவள் கண்டெடுத்தது. ஒரு தோசை அகலம். விளிம்பில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் தொடங்கும். ஒன்றரைச் சுற்று போனதும் சுண்ணாம்புக்குள் புகுந்து மறைந்துவிடும். கல்லூரி வாத்தியார் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இந்த ஊரெல்லாம் ஒரு காலத்தில் கடல், இது அதில் நீந்திய பிராணி என்றார். இருக்கலாம். பஸ் விட்ட பிறகு கடல் இந்தப் பக்கம் வருவதை நிறுத்தியிருக்கும்.

லீலாவதிக்குக் கடலைப் பற்றியெல்லாம் கவலையில்லை.

"இந்தச் சுருளு உள்ள எங்க போயி முடியுதுன்னு பாக்கணுங்க. அவ்வளவுதான் எனக்கு," என்பாள்.

"ஆகட்டும்," என்பேன். இந்த ஒரு வார்த்தையை வைத்து முப்பத்தோரு வருஷம் ஓட்டினேன். உளி வைத்தால் கல் பிளந்துவிடும் என்பது என் கட்சி. அது உண்மையும்கூட.

ஓய்வு பெற்றதும் கொல்லையில் காலியாகக் கிடந்த மாட்டுக்கொட்டகையைப் பட்டறை ஆக்கினேன். ஒரு வைஸ், நாலு அரம், ஒரு ரம்பம். பொழுதுபோக்குக்குப் பொம்மைகள் செய்தேன். நான் செய்த மரக் கொக்கை நம்பி ஒரு நிஜக் கொக்கு எட்டு நாள் அதன் பக்கத்திலேயே நின்றது. ஒன்பதாம் நாள் விஷயம் புரிந்து போய்விட்டது. அது திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் உறுத்துகிறது. இப்படிக் கொக்குக்குக்கூட நேரம் ஒதுக்கினேன், கல்லை எடுக்கவில்லை.

2003 ஆவணியில் லீலாவதியைத் திருச்சிக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது என்றார். லேசர் வைத்தார்கள். "இருக்கிற பார்வையக் காப்பாத்தப் பாக்கலாம். உறுதி சொல்ல முடியாது," என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் எழுந்து என் வலது காதுப் பக்கம் மாறி உட்கார்ந்தாள்.

"தை வரைக்கும் தெரியும்னு வெச்சுக்குவோங்க. அதுக்குள்ள அந்தக் கல்ல முடிச்சுக் குடுத்துடுங்க."

"ஆகட்டும்" என்ற வார்த்தையைத் தேடினேன். அன்றைக்குப் பார்த்து அது வாயில் இல்லை.

இனி வேலைக்கு வேண்டியது கையில் பிடித்துக் கல்லைத் தேய்க்கிற ஒரு சின்ன கரண்டு கிரைண்டர். அதில் கைதேர்ந்தவன் லீலாவதியின் தம்பி கொளஞ்சியப்பன். பெரம்பலூரில் பல் செட் செய்கிறவன். பேனா பிடிக்கிற மாதிரி மெஷினைப் பிடித்து நாள் முழுக்கப் பல் தேய்ப்பான். ஒருவருக்குக் கட்டிய கடைவாய்ப் பல்லில் அரியலூர்–செந்துறை பஸ் நேரம் அத்தனையையும் பொறித்துக் கொடுத்ததை நானே பார்த்தேன். அந்த மனிதர் அதன் பிறகு பஸ்ஸைத் தவறவிட்டதேயில்லை; ஸ்டாண்டில் முகம் பார்க்கும் கண்ணாடி மட்டும் கையில் வைத்திருக்க வேண்டும்.

"கல்லு வேலைக்கு நிமிஷத்துக்குச் சுத்து எத்தனன்னு பாக்காதீங்க மாமா," என்றான். "ஸ்பீடக் கூட்டிக் கொறைக்க வழி இருக்கணும். தேய்க்கிற பிட்டு மாட்டுற முனையப் புடிச்சு ஆட்டிப் பாருங்க, ஒரு மயிரெழ ஆடக் கூடாது. கார்பன் பிரஷ் தேஞ்சா நம்மூர்லயே கெடைக்கணும். பத்து நிமிஷம் ஓட விட்டுக் கையில வெச்சிருங்க, சுட்டா வேணாம்."

"ஒங்கக்காவப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நான் இத்தன கேள்வி கேக்கல மாப்ள."

"கேட்டிருந்தா நாங்களும் திருப்பிக் கேட்டிருப்போம். அக்கா தப்பிச்சிருக்கும்."

இருவரும் சிங்காரவேலுவின் ஹார்டுவேர் கடைக்குப் போனோம். அவர் இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தார். ஒன்று சாம்பல் நிறம், ஒல்லி. இன்னொன்று சிவப்பு, தடி. மேலே நாற்பதாயிரம் சுற்று என்று எழுதியிருந்தது.

எங்கள் ஆலையில் மெஷினுக்கு நாடி பார்க்க ஒரு முறை உண்டு. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் இருக்கும் இடத்தில் வைத்து, பிடியைக் காதோர எலும்பில் அழுத்திக் கேட்பது. காது கேட்காத ஃபிட்டருக்கும் எலும்பு கேட்கும். இப்படிக் கேட்டு, ஒரு பேரிங் அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு உடையும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அது மூன்று நாற்பதுக்குத்தான் உடைந்தது. நடுவில் டீ இடைவேளை வந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை.

சிங்காரவேலுவிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, சாம்பல் மெஷினை ஓடவிட்டு வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சிவப்பில் வைத்தேன். பழைய ஆலை முழுவதும் மண்டைக்குள் எழுந்து நின்றது. நைட் ஷிஃப்டு சூப்பர்வைசர் திட்டுவதுகூடக் கேட்டது.

"இது உசுரோட இருக்கு," என்றேன்.

கொளஞ்சியப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "சத்தம் இல்லன்னா நல்லாருக்குன்னு அர்த்தம் மாமா!"

"எங்க ஆலையில சத்தம் இல்லன்னா லீவுன்னு அர்த்தம்."

"முனையப் புடிச்சு ஆட்டியாவது பாருங்க."

"மாட்டுச் சந்தையில பல்லப் புடிச்சுப் பாக்கிற மாதிரி பேசாத. பல்லுதான் ஒனக்குத் தெரியும்."

சிங்காரவேலுவும், "நிதானமா ரெண்டையும் கையில வெச்சுப் பாத்துட்டு எடுங்க சார், ஒன்னும் அவசரமில்ல," என்றார். நான் நிதானிக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் நிதானித்தவன் அந்த ஐந்து நிமிஷம்தான் அவசரப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து சிவப்பு மெஷினை முதல் தடவை போட்டதும் தெருவில் டியூப் லைட்டெல்லாம் மங்கின. மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பினால் அது ஒயரையும் இழுத்துக்கொண்டு வாசல் வரை நடந்து வந்திருந்தது. பிளக்கு விட்டுப்போனதால் நின்றது, இல்லாவிட்டால் அதைக் கும்பகோணம் ரோட்டில்தான் பிடித்திருக்க வேண்டும். சுண்ணாம்புத் தூசு கிளம்பிப் பக்கத்து வீட்டு வீரம்மாளின் கறுப்புப் பசு இரண்டே நாளில் வெள்ளையாகிவிட்டது. அவள் என்னோடு சண்டைக்கு வரவில்லை. வெள்ளைப் பசு என்றே விற்றுவிட்டாள். வாங்கினவர் மழைக்குப் பிறகு வந்தார். அது வேறு கதை.

ஆனால் வேலை நடந்தது, அதை மறைக்க மாட்டேன். கார்த்திகைக்குள் இரண்டாம் சுற்று வெளியே வந்துவிட்டது. லீலாவதி தினமும் சமையலை முடித்துவிட்டு, பூதக்கண்ணாடியோடு வந்து எதிரே உட்காருவாள். ஒவ்வொரு அங்குலத்துக்கும் மெஷினை நிறுத்திக் கல்லை அவளிடம் தள்ளுவேன். கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோய், எட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பாள்.

"வரி வரியா இருக்குங்க. அதிரசம் தட்டினாப்புல."

"இன்னும் உள்ள இருக்கு."

"இருக்கட்டும். தெனம் கொஞ்சம் கொஞ்சமாத் தெரியுறதும் நல்லாத்தான் இருக்கு."

நாற்பது நாள் அப்படி உட்கார்ந்தோம். ஆலையில் இருந்த காலமெல்லாம் ஷிஃப்டு மாறி மாறி, எங்கள் இருவருக்கும் எதிரெதிரே உட்கார ஒரு வேலை அமைந்ததில்லை.

மார்கழி நடுவில் மூன்றாம் சுற்று முடிந்தது. நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குத்தான் சுண்ணாம்பு பாக்கி. அவள் கண்ணாடியை வைத்துக்கொண்டும் தேட ஆரம்பித்திருந்தாள். மெஷினும் அதற்குள் மாறிவிட்டது. பிட்டு எழுத வேண்டிய இடத்தில் கிறுக்கியது. ஒரு புதன்கிழமை கொளஞ்சியப்பன் அக்காவைப் பார்க்க வந்தான். மெஷினை நிறுத்தி, முனையை இரண்டு விரலால் பிடித்து அசைத்தான். ஆடுகிற பல் மாதிரி ஆடியது.

"இதால நடுவத் தொடாதீங்க மாமா. ஞாயித்துக்கெழம கடை லீவு. என் மெஷினக் கொண்டாந்து நானே முடிச்சுத் தரேன். நாலே நாளு."

"அவன் சொல்றதும் சரிதானேங்க," என்றாள் லீலாவதி.

எனக்கு அந்த இடத்தில் ஏதோ சுருக்கென்றது. முப்பத்தோரு வருஷம் நான் சொன்ன வார்த்தை. கடைசிச் சுற்றை அவள் தம்பி திறந்து காட்டுவதா?

அவன் போனான். வெள்ளிக்கிழமை காலை நான் ஸ்விட்சைப் போட்டேன். ஸ்க்ரூ டிரைவரைக் காதெலும்பில் வைத்துக் கேட்டேன். ஆலை இன்னும் பலமாக ஓடுவது கேட்டது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். லீலாவதி உள்ளேயிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அதையும் பார்த்தேன். "இதோ முடிஞ்சுது" என்றேன்.

பிட்டு துள்ளியது. நடுச் சுருள் மொத்தமும் ஒரு சோழி மாதிரி எகிறி ஜன்னல் வழியாகப் போய்விட்டது. அந்த நேரம் ரோட்டில் உடையார்பாளையம் பஸ் போனது. அதன் கூரையில் டங் என்று ஒரு சத்தம். அது மட்டும் என் இடது காதில் கேட்டது, இருபது வருஷத்துக்குப் பிறகு. சைக்கிளை எடுத்து உடையார்பாளையம் வரை விரட்டினேன். கண்டக்டர் கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு, மூட்டையும் ஒரு சேவலும் தவிர ஒன்றுமில்லை என்றார். சேவல் மட்டும் எதையோ விழுங்கின முகத்தோடு இருந்தது. அதன் சொந்தக்காரரிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். அவள் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தாள். கல்லின் நடுவில் இருந்த பள்ளத்தில் ஆள்காட்டி விரலை வைத்திருந்தாள்.

"இங்கதான இருந்துச்சு?"

"ஆமா."

"இன்னும் எத்தன சுத்து பாக்கி இருந்துருக்கும்?"

"ஒன்னு. மிஞ்சிப்போனா ஒன்னேகால்."

"அவ்வளவுதான? அத நானே சுத்திக்கிறேன்."

மேசையில் படிந்திருந்த வெள்ளைத் தூசியில் விரலை வைத்து, ஒரு சுற்று சுற்றி, உள்ளே கொண்டுபோய் ஒரு புள்ளியில் நிறுத்தினாள். "இப்படித்தான இருந்துருக்கும்?" என்றாள். அப்படித்தான் என்றேன். எனக்கு எப்படித் தெரியும், நானும் பார்க்கவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். என் நல்ல காதுப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சியப்பன் தன் மெஷினைத் துணியில் சுற்றி எடுத்துவந்தான். கல்லைப் பார்த்தான். துணியைப் பிரிக்காமலே திரும்ப எடுத்துக்கொண்டு போனான்.

தை பிறந்து பன்னிரண்டாம் நாள், காலையில் காபி டம்ளரை லீலாவதியின் கையில் வைத்தேன். என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு போய்ச் சேர்ந்த இடத்தில் சுவர் இருந்தது.

இதையெல்லாம் கேட்பவர்கள், அந்தச் சாம்பல் மெஷினை எடுத்திருக்கக் கூடாதா, நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்கிறார்கள். நானும் அதையேதான் கேட்டுக்கொள்கிறேன். சத்தம் போட்டதை உயிர் என்று நம்பினேன், தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். அவர்களும் தலையை ஆட்டிவிட்டு, மெஷினில் இப்படி ஏமாறாத ஆள் யார் என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

உண்மையில் அந்தக் கல் ரெட்டிபாளையத்திலிருந்து வந்தபடியே, ஒன்றரைச் சுற்றோடு, ஒரு கீறலும் படாமல் என் பட்டறையில் இருக்கிறது. சிவப்போ சாம்பலோ, மெஷின் எதையும் நான் இன்னும் வாங்கவில்லை.