அப்பாவின் கடப்பாரை

போர்த்தியிருந்த துணியைத் தம்பி உருவியதும் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "அடேயப்பா!" என்றார்கள். ஆளுயரப் படம். பட்டாளத்து உடுப்பில் அப்பா நிமிர்ந்து நிற்கிறார், வலது கை துப்பாக்கியின் மேல். உலகப் போருக்குப் போய்வந்தவர்களின் படங்களை நகர மன்றத்தில் மாட்டப்போகிறார்கள். சாயங்காலம் விழா. மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டாரும் கூட வருகிறார்கள் என்பதால் தம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அக்கா மட்டும் படத்துக்குக் கிட்டே போய்க் குனிந்தாள். வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்துப் பிழைக்கிறவள் அவள். தலை நரைத்த பிறகும் ஏணியை விடாதவள். வேலையிலிருந்து நேரே வந்து, டப்பாக்களைக் கதவோரம் வைத்துவிட்டு, அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய சின்னப் புகைப்படத்தில் அப்பா கடப்பாரையை ஊன்றி, அதன் தலைமேல் உள்ளங்கையை வைத்து நிற்பார். ஓவியர், தம்பி சொன்னபடி, கடப்பாரையைப் பிடுங்கிவிட்டுத் துப்பாக்கியை நட்டுவிட்டார். கையை மாற்ற மறந்துபோனார். உள்ளங்கை துப்பாக்கிக் குழலின் வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"ஏண்டா, குண்டு வந்தா அப்பா கையிலயே பிடிச்சுக்குவாராமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தம்பி முறைத்ததும் ஆளாளுக்குக் கிளம்பத் தயாராகப் போய்விட்டார்கள்.

அப்பா துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. முகாம் முகாமாகப் போய்க் கக்கூஸுக்குக் குழி வெட்டினார். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமும் கிடையாது. "மீசை முறுக்கின அதிகாரியெல்லாம் விடிஞ்சா என் குழி முன்னாடிதான் நெளிஞ்சுகிட்டு நிப்பான்" என்பார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள், பிள்ளைகள் உருண்டு புரளுவார்கள். "துப்பாக்கி இல்லாமக்கூடச் சண்டை போட்டுடலாம். குழி இல்லாமப் போடச் சொல்லு, பாப்போம்!" பக்கத்து முகாமில் குழி வெட்ட ஆளில்லாமல் வயிற்றுப்போக்கு பரவி, மீசைகூட முளைக்காத பையன்கள் கொத்துக் கொத்தாய்ச் செத்தார்கள். அவர்களைப் புதைக்கவும் அப்பாவைத்தான் அனுப்பினார்கள். அந்தக் குழிகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் சிரித்ததில்லை.

"கக்கூஸ் குழி வெட்டினாருன்னு ஊரைக் கூட்டிச் சொல்லணுமாக்கா? சம்பந்தி முன்னாடி என் மூக்கு அறுந்துடும்."

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது. சின்ன வயசுல நீதானேடா விழுந்து விழுந்து சிரிச்சே, இன்னொரு தடவ சொல்லுப்பான்னு?"

"செத்தவருக்கு இதுல என்ன குறைஞ்சுபோச்சு? எல்லாரும் பெருமையாத்தானே பேசப்போறாங்க."

"யாரைப் பத்தி? இந்த ஆளை எனக்குத் தெரியாது."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனான்.

அக்கா படத்தை நிமிர்ந்து பார்த்தாள். நாளைக்குத் தம்பியின் பேரப்பிள்ளைகள் இந்தத் துப்பாக்கிக்காரனைப் பார்த்துத்தான் கொள்ளுத்தாத்தா என்று சொல்லி வளரும். சிரிக்கவும் தெரியாத, அழவும் தெரியாத தாத்தா. கதவோரம் போய்ப் பெயிண்ட் டப்பாக்களைத் திறந்தாள். துப்பாக்கியின் கட்டையை மண் நிறத்தில் மறைத்தாள். பிறகு உள்ளங்கைக்குக் கீழே கறுப்பைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தரைவரை ஒரே இழுப்பாக இழுத்தாள். சுவரில் நேர்கோடு போட்டுப் பழகிய கை.

தலை துவட்டாமலே ஓடிவந்தான் தம்பி. "அய்யய்யோ! உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா?"

"கை வைக்காதே. ஈரம்."

அதற்குள் வாசலில் கார் நின்றது. படியேறி வந்த சம்பந்தியம்மா படத்தைப் பார்த்தபடியே செருப்பைக் கழற்றினாள். "அடடே, அப்பாவா! கையில என்னது அது?"

"அது வந்துங்க..." என்று தம்பி இழுத்தான்.

"கடப்பாரைங்க," என்றாள் அக்கா, தெருவுக்கே கேட்கும்படி. "எங்கப்பா பட்டாளத்துல கக்கூஸுக்குக் குழி வெட்டினவரு. உள்ள வாங்க, உக்காருங்க."

யாரும் உட்காரவில்லை. தம்பியின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. படத்தில், அப்பாவின் உள்ளங்கைக்குக் கீழே, கடப்பாரை அப்போதுதான் மண்ணுக்குள் இறங்கியதுபோலக் கறுகறுவென்று மின்னியது.