ஒளித்துவைக்க ஓர் இடம்

"உள்ள அப்படி என்னதான் பண்றா? தண்ணித் தொட்டியே காலியாயிடும் போலிருக்கே!"

குளியலறைக்கு வெளியே மாமியாரின் குரல். உள்ளே மருமகள் குழாயை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். பிறகு அதை மாதவிலக்குத் துணிகள் வைக்கும் பைக்குள் செருகினாள். அந்த வீட்டில் வேறு யாரும் கை வைக்காத பை அது ஒன்றுதான்.

கல்யாணத்துக்கு முன் அவளுடைய அம்மா சொல்லி அனுப்பிய புத்தி அது. "இழுப்புக்காரின்னு தெரிஞ்சா வாழ விடுவாங்களாடி?" மூச்சு விடுவதையே ஒரு பெண் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குக் குடும்ப கௌரவம் என்று பெயர் வேறு.

கீழே மெத்தைக்கடை, மேலே வீடு. மாமனார் பஞ்சடைத்துத் தைக்கிறவர். நாத்தனாருக்கு அடுத்த மாதம் கல்யாணம். கொஞ்ச நாளாகவே அந்தப் பெண் விடியற்காலையில் இருமினாள். சிரித்தால் இருமினாள். மாடிப்படியில் பாதியில் நின்று, செருப்பைச் சரிசெய்கிறவள்போல் குனிந்து மூச்சு வாங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் கேட்டது. மாமியார் சளி என்று கஷாயம் வைத்தாள். மருமகளுக்கு அது என்னவென்று தெரியும். சொன்னால், 'உனக்கெப்படித் தெரியும்?' என்று கேட்பார்களே! வாயை மூடிக்கொண்டாள். அதற்காகத் தினமும் தனக்குள் குறுகிப்போனாள்.

அன்று மாமனார் மகளின் கல்யாண மெத்தைக்குப் பஞ்சைக் கொட்டி அடித்துக்கொண்டிருந்தார். உறைத்துணி தேர்ந்தெடுக்க மகளைக் கூப்பிட்டார். அவள் இறங்கிப் போன சிறிது நேரத்தில் கடையிலிருந்து மாமியாரின் அலறல் கேட்டது.

மருமகள் ஓடிவந்தபோது நாத்தனார் ஸ்டூலில் முன்னால் குனிந்து, முழங்கால்களில் கை ஊன்றியிருந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போனது. "அண்… ணி… முடி… யல…" ஒரு வார்த்தையை முழுதாகச் சொல்ல அவளிடம் காற்று இல்லை.

"ஷட்டரை இறக்குங்க!" என்று கணவரிடம் கத்தினாள் மாமியார். "தெருவே வேடிக்கை பாக்குது. சம்பந்தி வீடு வரைக்கும் போயிடும்!"

அவரும் இறக்கினார். மகள் காற்றுக்குத் தவிக்கிறாள். பெற்றவர்கள் இருந்த காற்றையும் அடைத்து, அவளைப் பஞ்சுத்தூசியோடு பூட்டுகிறார்கள்!

மருமகள் உள்படி வழியாக மேலே ஓடி, பையோடு திரும்பினாள். ஷட்டரைத் தூக்கினாள். நாத்தனாரைத் தாங்கி நடைபாதைக்குக் கொண்டுவந்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். அத்தனை பேர் முன்னால் அந்தப் பையைப் பிரித்தாள்.

"உதட்டை இறுக்கி வச்சுக்கோ. நான் அழுத்தும்போது மெதுவா இழு. அடக்கு… இப்ப விடு. மறுபடியும்."

"உங்கிட்ட எப்படி இது?" என்றாள் மாமியார்.

"என்னோடதுதான் அத்தை. மாமா, சீக்கிரம் ஒரு வண்டி கூப்பிடுங்க."

"ஆஸ்துமா" என்றார் மருத்துவர். "மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கிடுது. யாருக்கும் ஒட்டாது. தினமும் மருந்து இழுத்தா எல்லாரையும் மாதிரி இருக்கலாம். இத்தனை நாள் இருமியிருக்கா, வீட்டுல ஒருத்தருக்குமா தெரியல?"

மாமியார் தரையைப் பார்த்தாள். மருமகளும் தரையைத்தான் பார்த்தாள். தெரிந்தவள் அவள்தானே!

வீடு திரும்பியதும் மாமியார் மருமகளைச் சமையலறைக்கு அழைத்தாள். மகளின் புது இன்ஹேலர் மாமியாரின் முந்தானைக்குள் இருந்தது. திட்டு விழப்போகிறது என்று மருமகள் காத்திருந்தாள்.

"உன்னாலதான் எம்பொண்ணு உசுரோட இருக்கா. உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள் மாமியார். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா, ரெண்டு வருஷமா என் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டியே… அந்தப் பையில வச்சா யாருமே தொட மாட்டாங்கல்ல? இவளுக்கும் சொல்லிக் குடும்மா. போற எடத்துல அவளும் அப்படியே…"

மருமகளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் அம்மாவே எதிரில் நிற்பதுபோல் இருந்தது. கூடத்துக்குப் போனாள். தன் இன்ஹேலரைக் கண்ணாடிக்குக் கீழே, எல்லாரும் தலைவாரும் சீப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சாய்ந்து படுத்திருந்த நாத்தனார் எழுந்தாள். பின்னாலேயே வந்த அம்மாவின் முந்தானையை விலக்கித் தன்னுடையதை எடுத்து, அதன் அருகில் வைத்தாள்.

மாமியார் பதறிப்போய் வாசற்கதவைச் சாத்தினாள்.

மருமகள் அதைத் திறந்துவிட்டாள். "காத்து வரட்டும் அத்தை."