பத்து மணியில் இடம் இல்லை

எங்கள் ஊரில் பத்து மணி கிழக்கேயிருந்துதான் வரும். ஒண்டிப்புதூரில் நுழைந்து, சிங்காநல்லூர் தாண்டி, காந்திபுரம் வந்து, கடைசியாக நாங்கள் இருக்கும் வடவள்ளிக்கு வந்து சேரும். மற்ற நாட்களில் அதில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. சித்திரக்கதை மாநாட்டுக்குப் பத்து மணிக்குப் போனில் டிக்கெட் விற்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒண்டிப்புதூரிலேயே ஆட்கள் காத்திருப்பார்கள். பத்து மணி வேகம் குறைக்கும்போது கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். காந்திபுரம் வருவதற்குள் அது நிரம்பிவிடும். வடவள்ளியில் நிற்காமலே போய்விடும்.

அதனால் எங்களுக்கு அன்று ஒன்பது ஐம்பத்தொன்பதுக்கு அடுத்தது பத்து ஒன்று. பத்து ஒன்று காலியாக வரும். காலை நீட்டி உட்காரலாம். உட்கார்ந்து போனைப் பார்த்தால், டிக்கெட்டுகள் தீர்ந்துவிட்டன, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று இருக்கும். இந்த நன்றியை நான் ஆறு வருடமாக வாங்கிக்கொண்டிருந்தேன்.

துண்டை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார வேண்டியதுதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அடுத்தவர் போட்ட துண்டை எடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. எங்கள் தெருவில் இரண்டு முறை ஜெயிலுக்குப் போய் வந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர்கூடத் துண்டைக் கண்டால் ஒதுங்கி நிற்பார். துண்டு கிடந்தால் அங்கே ஆள் இருக்கிறது. அவ்வளவுதான்.

எனக்கு அந்த மாநாட்டில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. ஓவியர் தேவசகாயம் வரைந்த ‘விண்தபால்’ என்ற சித்திரக்கதையின் நாற்பத்து மூன்றாவது இதழில், பதினேழாம் பக்கம், மூன்றாவது கட்டத்தில் ஒரு காவலன் நிற்கிறான். தபால்காரர் அவனிடம் ஒரு கடிதம் கொடுக்கிறார். அவன் நமக்கு முதுகைக் காட்டியபடி அதைப் பிரிக்கிறான். அடுத்த கட்டத்தில் கதை வேறு கிரகத்துக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அவன் எங்கேயும் வரவில்லை.

அந்த இதழ் வந்த வாரம்தான் என் கணவர் வீட்டிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. வாசலில் வாங்கி, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று படித்தேன். “என்ன எழுதியிருக்குது சாமி?” என்று அம்மா பின்னாலிருந்து கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அன்று என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடமாக அது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்தக் காவலனின் முகம் எப்படி இருந்தது என்று தெரிந்தால் என் முகமும் தெரிந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மாநாட்டில் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். அதற்காக டவுன்ஹால் கடையில் துணி எடுத்து, அவன் போட்டிருந்த பழுப்புக் கோட்டை அளவு மாறாமல் நானே தைத்தும் வைத்திருந்தேன்.

சும்மா இருந்தவள் இல்லை நான். போன வருடம் நானும் துண்டோடு ஒண்டிப்புதூருக்குப் போனேன். ஓடினேன், போட்டேன். அவசரத்தில் என் துண்டு ஒன்பதே முக்கால் மீது விழுந்துவிட்டது. அந்த ஒன்பதே முக்கால் முழுவதும் எனக்கே எனக்காக இருந்தது. ஜன்னலோரமாக உட்கார்ந்து வடவள்ளி வரை வந்தேன். விற்பனை தொடங்கியிருக்கவில்லை. இந்த வருடம் பத்து மணியை ஒண்டிப்புதூருக்கும் முன்னால், சூலூரிலேயே மடக்கிவிட்டார்கள். தேவசகாயம் இத்தோடு பேனாவை மூடி வைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறார் என்று செய்தியும் வந்தது. அழுகை வந்தது. அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஈரோட்டுத் துண்டு ஒன்று புதிதாக வாங்கினேன்.

மாநாட்டன்று காலை அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அவினாசி ரோட்டு மண்டபத்தின் வாசலில் நாச்சிமுத்து பிளாக்கில் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தார். சூலூரில் பத்து மணியை மடக்கிய கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். வாசலுக்கு வெளியே எழுநூறு பேராவது நின்றிருப்பார்கள். எல்லோரும் டிக்கெட் கிடைக்காத எங்கள் பக்கத்து ஆட்கள்.

“இந்த வருசமும் கெடைக்கலீங்களாக்கா?” என்றார் நாச்சிமுத்து. “பாவமுங்க. உங்கள மாதிரி நெசமாப் படிக்கறவங்களுக்குத்தான் கெடைக்கறதில்ல.”

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். விலை கேட்டேன். எட்டு மடங்கு என்றார், எனக்கு என்பதால் ஏழு. நான் பையிலிருந்து துண்டை எடுத்து உதறி அவர் மேல் போட்டேன்.

“என்னங்க்கா, எம்மேல துண்டைப் போட்டுப்போட்டீங்க?”

“எடம் புடிச்சிருக்கறனுங்க.”

நாச்சிமுத்து குனிந்து துண்டைப் பார்த்தார். தொழில் தெரிந்த மனிதர். “நாயந்தானுங்க” என்றார். அவரிடம் டிக்கெட் வாங்க நெருங்கிய ஒருவர், “இங்க ஆள் வர்றாங்களா?” என்று கேட்டார். “வந்தாச்சுங்க” என்றேன். அவர் வேறு பக்கம் போய்விட்டார்.

இருக்கை என்றால் மண்டபத்துக்குள்தான் இருக்க வேண்டும். ஆகவே வாசலில் டிக்கெட் பார்த்தவர்கள் நாச்சிமுத்துவை உள்ளே அனுப்பினார்கள். இருக்கைக்கு உரியவள் என்பதால் என்னையும் அனுப்பினார்கள். அவர் மேல் உட்கார எனக்கு மனம் வரவில்லை. மூட்டுவலிக்காரர். கடைசி வரிசைக்குப் பின்னால் அவரை நிறுத்தி, பக்கத்தில் நானும் நின்றுகொண்டேன். இடம் என் பெயரில் இருந்தால் போதும்.

மண்டபத்தில் தொள்ளாயிரம் நாற்காலிகள். இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மற்றதெல்லாம் துண்டு. ஏழு மடங்குக்கும் எட்டு மடங்குக்கும் விலை போகாமல் நின்றுவிட்ட இடங்கள் அவை. மேடையில் தேவசகாயம் நாற்காலி வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் கொடுத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். துண்டின் முறை வந்தால் அதை மரியாதையாகப் பார்த்து, “கேளுங்க” என்பார். ஒரு நிமிடம் காத்திருப்பார். பிறகு அடுத்த துண்டைப் பார்ப்பார். இரண்டாவது வரிசையில் இருந்த சிவப்புக் கட்டம் போட்ட துண்டிடம் மட்டும், அது நல்ல கேள்வி, யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

நாச்சிமுத்து மண்டபக் கணக்கில் இல்லாத இருக்கை என்பதால் எங்கள் முறை கடைசி. மாநாடு ஐந்து மணிக்கு முடியும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நடுராத்திரி வரை எங்கள் முறை வராது. ஒரு கேள்வியும் இல்லாத துண்டுகளுக்கு நிமிடம் நிமிடமாகக் கொடுக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டிருப்பவள் ஓரத்தில் நிற்கிறேன்.

மதியம் ஒன்றரை மணிக்கு நாச்சிமுத்துவுக்குப் பசித்தது. “எந்திரிச்சுக்கறீங்களாக்கா? வூட்டுக்குப் போய்ச் சோறுண்டுபோட்டு வந்தர்றன்.”

“கேள்வி கேட்காம எந்திரிக்க மாட்டனுங்க.”

“எப்பங்க கேப்பீங்க?”

“அந்தத் துண்டெல்லாம் கேட்டு முடிச்சதும்.”

அவர் நாற்காலிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி நாற்காலிகளைப் பார்த்தார். துண்டு போட்டவர் துண்டை எடுப்பதில் தடை ஏதும் இல்லை. “அத்தனையும் நம்ம பசங்க துண்டுதானுங்க” என்று சொல்லிவிட்டுப் பெருமூச்சோடு முதல் துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். இருக்கை நகர்ந்ததால் நானும் கூடவே நகர்ந்தேன். ஒவ்வொரு வரிசையாகப் போனோம். ஒரு துண்டு எழுந்தால் வாசலிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தார். பூ வியாபாரி வந்தார், பேங்க் மேனேஜர் வந்தார், கைக்குழந்தையோடு ஒரு பெண் விண்தபால்காரர் தொப்பி போட்டுக்கொண்டு வந்தாள். பின்னால் வந்தவர்கள் என்பதால் வரிசையில் அவர்கள் எல்லோரும் எனக்குப் பிறகுதான். அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. நாலரை மணிக்கு நாச்சிமுத்துவின் தலை துண்டுகளுக்கு மேலே கொஞ்சம்தான் தெரிந்தது. என் முறை வந்தது.

மேடைக்குப் போய்க் கோட்டுப் பட்டன்களைச் சரிசெய்துகொண்டு கேட்டேன். “நாப்பத்து மூணாவது இதழ், பதினேழாம் பக்கம், மூணாவது கட்டம். அந்தக் காவலன் மொகம் எப்படிங்க இருந்துச்சு?”

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குத் தெரியாதுங்கம்மா. நான் அவருக்குப் பின்னால நின்னுதான் வரைஞ்சேன். அவரையே கேட்டுருங்க.”

அந்தப் பக்கத்தின் அசல் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். காவலன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே முதுகைக் காட்டியபடி பேசினான்.

“டூட்டி மாத்த வந்தீங்களா? பன்னெண்டு வருசமா நிக்கறனுங்க. கால் ரெண்டும் மரத்துப்போச்சு.”

என் கோட்டில் அவனுடைய கோட்டில் இருந்த அதே ஆறு பட்டன்கள் இருந்தன. இல்லை என்று சொல்ல எனக்கு எந்த நியாயமும் கிடைக்கவில்லை. “ஆமாங்க” என்றேன். அவன் கடிதத்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினான். வாங்கிக்கொண்டேன். பிறகு அவன் கட்டத்திலிருந்து இறங்கி, முதுகு எங்கள் பக்கமாகவே இருக்கும்படி பின்புறமாக நடந்து, மேடைப்படிகளில் தடுமாறாமல் இறங்கி, வெளியே போய்விட்டான். அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்திருக்கும்.

நான் கட்டத்துக்குள் ஏறினேன். வெளியிலிருந்து பார்ப்பதைவிட உள்ளே விசாலமாக இருந்தது. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் மண்டபம்.

“எந்திரிச்சிட்டீங்களாக்கா?” என்று துண்டுகளுக்குள்ளிருந்து நாச்சிமுத்துவின் குரல் வந்தது. “நான் போலாமுங்களா?”

“போய்ச் சாப்பிடுங்க” என்றேன்.

தேவசகாயம் பேனாவைத் திறந்து மையைப் பார்த்துக்கொண்டார். “மொகத்த எந்தப் பக்கம் வெச்சுக்கறீங்கம்மா?”

மண்டபத்தின் பக்கம் திரும்பி நின்று, கடிதத்தைப் பிரித்து, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தேன். தொள்ளாயிரம் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.