ஐலியின் பன்னிரண்டு வாளிகள்

ஒவ்வொரு வருஷமும் நடுக்கோடையில் வரும் யுஹானுஸ் பண்டிகைக்குத் தெற்கிலிருந்து காரில் வரும் ஹில்கா, பை நிறையப் புது உருளைக்கிழங்கும் வாய் நிறையப் பேச்சும் கொண்டுவருவாள். ஐலியின் கணவன் தைஸ்தோவின் அக்கா அவள். பிறந்தது வடக்கே இருக்கும் இதே வீட்டில்தான். ஆனால் கடலோரத்தில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து பிறந்த மண் அவளுக்கு இளப்பமாகிவிட்டது.

"பாவம், உங்களுக்குக் கல்லும் கொசுவும்தானே விளையுது! இந்தா, நல்லா சாப்பிடுங்க."

அந்த நாளில் புதுக் கிழங்கு இல்லாத மேசையை யாரும் பண்டிகை மேசை என்று சொல்லமாட்டார்கள். அதனால் ஐலி பத்தொன்பது வருஷம் அந்தக் கிழங்கையும் அந்தப் பேச்சையும் சேர்த்தே விழுங்கினாள். போன வருஷம் பொறுக்க முடியவில்லை.

"அடுத்த தடவை வெறுங்கையோட வா, ஹில்கா. என் கிழங்கைத் தின்னுட்டுப் போ" என்றாள், எல்லோர் முன்னாலும்.

ஹில்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "வர்றேன். ஆனா பையோடதான் வருவேன். பட்டினி கிடக்க முடியாதுல்ல?"

ஐலி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். ஏரியில் பனிக்கட்டி உருகவே மே மாதக் கடைசி ஆகும் ஊர் அது. தோட்டத்துக் கிழங்கை ஜூலை முடியும்போதுதான் தோண்டலாம். ஆகவே பிப்ரவரியிலேயே, வெளியே ஜன்னல் விளிம்பு வரை பனி குவிந்து கிடக்கையில், முட்டைத் தட்டுகளில் விதைக்கிழங்கை அடுக்கி முளைக்க வைத்தாள். மார்ச்சில் பன்னிரண்டு வாளிகளின் அடியில் ஓட்டை போட்டு, நிலவறையில் சேர்த்துவைத்திருந்த மண்ணை நிரப்பி நட்டாள். வாளிகள் ஜன்னலோரங்களை அடைத்துக்கொண்டதால் எந்த ஜன்னலிலும் திரையை மூட முடியவில்லை.

"இந்த வீட்டுல குடியிருக்கிறது நானா, உருளைக்கிழங்கா?" என்றான் தைஸ்தோ.

"நீயும் இருந்துக்கோ. சத்தம் போடாம இருந்தாப் போதும்."

ஏப்ரலில் காலிப் பால் டப்பாக்களில், கிழங்கோடு மணத்துக்குப் போடும் சதகுப்பைக் கீரையை விதைத்தாள். மே மாதத்தில் வாளிகளைப் பகலில் வெயிலுக்கும் இரவில் வீட்டுக்குள்ளுமாகத் தூக்கித் தூக்கி இடுப்பு போயிற்று. ஜூனில் செடிகள் முழங்கால் உயரம் நின்று மொட்டு விட்டன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் பெற்ற பிள்ளைகளைப் பார்ப்பதுபோல நெஞ்சு நிறைந்தது. ஒரு வாளியைக்கூடக் கிளறிப் பார்க்கவில்லை.

பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கையில் வானொலி உறைபனி எச்சரிக்கை சொன்னது. ஒரே ஒரு ராத்திரி உறைபனி போதும், இலை கருகிவிடும். செடிகள் இப்போது ஜன்னலுக்கு அடங்காது. பக்கத்தில் இருந்தது சவுனாதான். அந்த நீராவிக் குளியலறையின் மேல்பலகையில் ஏழு வாளிகளையும், இடமில்லாமல் தரையில் ஐந்தையும் வைத்தாள். மூன்று நாள் குளிர் விடவில்லை. சனிக்கிழமை காலையும் ஆலங்கட்டி மழை. அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள்.

திரும்பும் வழியில் தன் வீட்டுச் சவுனாவின் புகைபோக்கியில் புகை கண்டாள். வாரம் முழுக்கக் காட்டில் தங்கி மரம் வெட்டிய மனுஷன் வந்துவிட்டான், வெந்நீர் காய்கிறது என்று ஒரு கணம் சந்தோஷம்கூடப் பட்டாள். அப்புறம்தான் நினைவு வந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"உள்ள எட்டிப் பார்த்தியா?"

அடுப்பின் வாய் உடைமாற்றும் அறைப் பக்கம் இருந்தது. விறகோடு நின்ற தைஸ்தோ விழித்தான். "சனிக்கிழமை, குளியல் நாளாச்சே! இருபது வருஷமா எட்டிப் பார்க்காமத்தான் மூட்டுறேன். உள்ள என்ன இருக்கும், கரடியா?"

மேல்பலகையில் ஏழு செடிகளும் வெந்த கீரையாகச் சரிந்து கிடந்தன. அவனிடம் சொல்லாமல் போனது தன் தவறுதான் என்பது அவளுக்கு இன்னும் அதிகமாக வலித்தது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, தரை குளிர்ந்திருந்தது. சூடெல்லாம் மேலே போயிருந்தது. கீழே இருந்த ஐந்தும் கொஞ்சம் வாடினாலும் உயிரோடு இருந்தன.

தைஸ்தோ அடுப்பை அணைத்தான். பன்னிரண்டு வாளிகளையும் அவனே வெளியே தூக்கினான். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு சனிக்கிழமைதான் அவன் சவுனாவுக்குள் போகவில்லை. அதற்குமேல் அவனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்ல ஐலிக்கு மனம் வரவில்லை. ஏழு வாளிகளைக் கொட்டவும் மனம் வரவில்லை. அவை சுவரோரம் கிடந்தன.

பண்டிகையன்று ஹில்கா போன வருஷத்தைவிடப் பெரிய பையோடு இறங்கினாள். ஐந்து வாளிகளைப் பார்த்தாள்.

"பன்னிரண்டுன்னு சொன்னாங்களே?"

தைஸ்தோ வாயைத் திறப்பதற்குள் ஐலி சொன்னாள்: "ஏழு பேரு சவுனாவுக்குப் போயிட்டாங்க."

கதை கேட்டு ஹில்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சரி, சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். கொட்டு, பார்ப்போம்."

ஐலி முதல் வாளியைப் புல்லில் கவிழ்த்தாள். கறுத்த மண்ணிலிருந்து கோழிமுட்டை அளவில் வெளேரென்று கிழங்குகள் உருண்டன. விரல் பட்டாலே தோல் உரிந்தது. ஐந்து வாளியும் கொட்டி முடிவதற்குள் ஹில்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் சொல்லாமலே தைஸ்தோ சுவரோரம் போய்ச் செத்த வாளி ஒன்றைக் கவிழ்த்தான். கோலிக்குண்டு அளவில்தான் இருந்தன. ஆனால் ஒன்றுகூட அழுகவில்லை.

"ஐலி! இவங்களும் இருக்காங்க!" என்று கத்தினான்.

எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய பானை நிறைந்தது. மேலே சதகுப்பைக் கொத்தைப் போட்டு வேகவைத்து, வெண்ணெயோடும் உப்பு மீனோடும் மேசைக்குக் கொண்டுவந்தாள். வாய்விட்டுப் புகழும் வழக்கம் அந்தக் குடும்பத்துக்கே கிடையாது. ஹில்கா ஒன்றைத் தின்றாள். இரண்டாவதை எடுத்தாள். ஐந்தாவதை எடுக்கும்போது தலையே நிமிரவில்லை. ஐலிக்குப் பெருமை பொங்கியது. அதை மறைக்க அவள் சிரமப்படவும் இல்லை.

தெற்கத்திப் பை வாசலிலேயே, கட்டு அவிழாமல் கிடந்தது. கிளம்பும்போது ஹில்காவே அதைத் தூக்கிக் காருக்குள் வைத்தாள்.

"அடுத்த வருஷம்..." என்று இழுத்தாள். "வெண்ணெய் மட்டும் வாங்கிட்டு வரட்டுமா?"

"வெண்ணெயும் இங்க இருக்கு" என்றாள் ஐலி. "நீ பசியோட வா, போதும்."