மூன்று மீட்டர் குழாய்

ஏ.சி. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது எப்போது கெடும் என்று பார்ப்பதற்காக மெக்கானிக் முபாஷிர் அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"டாக்டரு வூட்டுக்கே வந்து குந்திகினு, எப்ப ஜொரம் வரும்னு பாத்துனுகீற மாதிரி கீது பாய்," என்றான் கட்டிலில் சாய்ந்திருந்த வால்டர்.

"இன்னாணா பண்றது. நா காலைல வந்தா நல்ல புள்ளையா கீது. நா அந்தாண்ட போனதும் வேலைய காட்டுது."

"அத்தான் நானும் கேக்கறேன்," என்றாள் வால்டரின் மனைவி ஜானட். அடுப்படியில் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ரெண்டு வாட்டி வந்த. ஒரு வாட்டி கழுவுன, ஒரு வாட்டி கேஸ் பாத்த. நீ கீற வரைக்கும் சில்லுனு கீது. மதியானம் ஆனா அனலு. மந்திரம் கிந்திரம் போட்டுட்டு போறியா?"

"மந்திரம் தெரிஞ்சா நா ஏன்கா ஸ்கூட்டர்ல கேஸ் சிலிண்டர தூக்கிகினு சுத்தறேன்?"

அவள் சிரிக்கவில்லை. கல்மண்டபம் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் அவளுக்குத் துப்புரவு வேலை. இவன் வருகிறான் என்பதற்காக அரைநாள் லீவு சொல்லியிருந்தாள்.

காசிமேட்டுக்குப் பின்னால், ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் அந்த ஒற்றை அறை. வால்டர் சட்டை போடுவதில்லை. கழுத்திலிருந்து இடுப்புவரையும், இரண்டு கைகளிலும், தோல் இழுத்து ஒட்டியதுபோல் பளபளவென்று இருந்தது. எர்ணாவூரில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தபோது நீராவிக் குழாய் பிளந்து வெந்த உடம்பு. தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோலுக்கு வியர்க்கத் தெரியாது. சூடு உள்ளேயே தங்கும். முதலில் அரிக்கும், பிறகு தலை சுற்றும், பிறகு காய்ச்சல். போன வாரம் ஜானட் வேலையிலிருந்து திரும்பியபோது அவன் தரையில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு, கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாமல் கிடந்தான். இன்னொரு முறை அப்படிக் கிடந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தொழிற்சாலையில் வேலையைத் திருப்பித் தரவில்லை. இந்த ஏ.சி.யைத் தந்தார்கள். ஒரு வண்டியில் இரண்டு ஆட்கள் வந்து ஒரே மத்தியானத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். அதற்கு முன் காற்றுக்கு இருந்த ஒரே ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தார்கள்.

முபாஷிர் முதலில் கடல்காற்றைத்தான் சந்தேகப்பட்டிருந்தான். இந்தப் பக்கத்தில் உப்பும் புகையும் சேர்ந்து செம்பையே தின்றுவிடும், கேஸ் கசியும். ஆனால் இங்கே கேஸ் குறையவில்லை. செம்புச் சுருளும் சுத்தம். மின்சாரமும் சரியாக இருந்தது. அதனால் இன்று பாரிமுனை வேலையை நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு இங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டது. அடுப்படி மூலையில் இடம் கேட்டுத் தொழுதான். ஜானட் தேநீர் போட்டுத் தந்தாள். அவன் டம்ளரைக் கீழே வைக்கும்போது வெளியே மெஷினின் சத்தம் ஒருதரம் முக்கி, பிறகு நின்றது. உள்ளே காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. அவன் எழுந்து கையை வைத்துப் பார்த்தான். குளிர்ச்சி போய்க்கொண்டிருந்தது.

"வந்துடுச்சு," என்றான், தேடிய ஆள் அகப்பட்டதைப்போல.

மொட்டைமாடிக்கு ஓடினான். கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் கீழே எட்டிப் பார்த்தான். வீட்டுக்குப் பின்னால் ஆள் நடக்க முடியாத சந்து, கீழே சாக்கடை. ஏ.சி.யின் வெளிப்பெட்டி இந்தச் சுவரில் தொங்கியது. அதற்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அடுத்த தெருவைப் பார்த்த வீட்டின் பின்பக்க ஜன்னல். காலையில் பார்த்தபோது திறந்திருந்த ஜன்னல்தான். இப்போது அந்த வீட்டு சன்ஷேடிலிருந்து ஒரு நீலத் தார்ப்பாய் இறங்கி, வெளிப்பெட்டியின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி விறைப்பாகக் கட்டப்பட்டிருந்தது. பெட்டி வெளியே தள்ளிய அனலுக்குப் போக இடமில்லை. மெஷின் தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்து, தாங்காமல் நின்றுபோயிருந்தது.

அவனுக்குக் கோபம் வந்தது. படியிறங்கி, தெருவைச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனான்.

வாசலிலேயே ஒரு அம்மாள் அலுமினியத் தட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கூடை நிறைய இறால், மேலே ஐஸ்.

"பின்னாடி ஜன்னல்ல தார்ப்பாய் கட்டிகீறது யாரும்மா?"

"நான்தான். செல்லம்மா. இன்னா இப்ப? ஒன் அப்பன் வூட்டு செவுத்துலயா கட்டிகீறேன்?"

"எங்கப்பன் வூட்டு செவுரு இல்ல. ஆனா அதால எதிர்வூட்டு ஏ.சி. நின்னு நின்னு போவுது. உள்ள ஒரு சீக்காளி கீறாரு, தெரியுமா தெரியாதா?"

இறாலைப் பிடித்திருந்த அவள் விரல்கள் நின்றன.

"யாரு, வால்டருக்கா? அந்தப் புள்ளைக்கு சில்லுனு வரலியா?"

"மதியானத்துல வரல. மெஷினு விடற அனலு தார்ப்பாயில முட்டி மெஷினுக்கே போவுது."

"அய்ய, எனக்கு இன்னா நைனா தெரியும். அனலு நம்மகிட்ட வராம தடுக்கறோம்னுதான் நெனச்சேன்." அவள் அப்போதே எழுந்துவிட்டாள். கையைக்கூடக் கழுவவில்லை. "வா, வந்து அவுரு. என் கை ஈரம். முடிச்சு வராது."

அதுவும் ஒற்றை அறைதான். அந்த ஒரு ஜன்னல்தான். உத்தரத்திலிருந்து புடவைத் தூளி தொங்கியது. பக்கத்தில் சுவரில் சாய்ந்து ஒரு சின்னப் பெண் விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். செல்லம்மாவின் மகள் ஷாலு, பிரசவத்துக்கு வந்தவள். தூளிக்குள் குழந்தை கழுத்திலும் அக்குளிலும் வேர்க்குரு சிவந்து, துணியில்லாமல் கிடந்தது.

முபாஷிர் முடிச்சை அவிழ்க்காமல் நின்றான்.

"அவுரு நைனா," என்றாள் செல்லம்மா.

அவன் அவிழ்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெளிப்பெட்டி உறுமி எழுந்தது. அனல் நேராக ஜன்னல் வழியே உள்ளே வந்தது. தூளி வயிறுபோல உப்பியது. குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு வீறிட்டது. ஷாலு அதைத் தூக்கிக்கொண்டு வாசல்பக்கம் போய்விட்டாள்.

"ஜன்னல சாத்திட்டா?" என்றான் முபாஷிர்.

"சாத்துனா புழுங்கி சாவணும். காலைல நா மீன்பிடி தொறைமொகத்துக்கு போயிடுவேன். இவ புள்ளைய தூக்கிகினு தெருவுல எதுத்த வூட்டு நெழல்ல குந்திருப்பா. மதியம் வெயிலு அங்க வந்துடும். புள்ள இங்கதான் தூங்கணும். அப்பத்தான் கட்டுவேன்."

"போய் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல. இத்தினி மாசமா அனல்ல கெடந்துகினு."

"இன்னான்னு சொல்றது?" செல்லம்மா குரலைத் தணித்தாள். "ஆவியில வெந்த புள்ள. அதுகிட்ட போயி, ஒன் வூட்டு காத்து சுடுதுடான்னு சொல்லவா? எனக்குன்னா கட்டியே இருக்க மாட்டேன். இது வந்து பொறந்துச்சே. அந்த ஜன்னல் வழியாதான் ஜானட்டுக்கு கொயம்பு குடுப்பேன். பலகை அடிச்சப்புறம் அவ மூஞ்சியே பாக்கல."

அவன் ஜன்னல் கம்பிகளுக்கிடையே வெளிப்பெட்டியைப் பார்த்தான். பெட்டியிலிருந்து கிளம்பிய குழாய் நேராகச் சுவருக்குள் போயிருந்தது. மெஷினோடு மூன்று மீட்டர் குழாய் இலவசமாக வரும். அதற்குள் அடங்குகிற இடம் எது என்று பார்த்து மாட்டியிருக்கிறார்கள். பெட்டியை மேலே மொட்டைமாடிக்கு ஏற்ற இன்னும் அதைப்போல் இரண்டு பங்கு வேண்டும்.

திரும்பி வந்தபோது அறை குளிரத் தொடங்கியிருந்தது. ஜானட்டின் முகம் மாறியிருந்தது.

"நீ கில்லாடி பாய். இன்னா ஆச்சு, இன்னா பண்ண?"

சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, பார்த்ததைச் சொன்னான். தார்ப்பாயைச் சொன்னான், தூளியைச் சொன்னான்.

சொல்லி முடித்தபோது வால்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆஃப் பண்ணு," என்றான்.

"பண்ணிட்டு?" ஜானட் திரும்பினாள். "போன வாரம் மாதிரி கெடப்பியா? நா வந்து பொணத்த தூக்கணுமா?"

"பச்சப் புள்ள ஜானட்டு."

"எனக்கு மட்டும் தெரியலியா? செல்லம்மாக்கா கொயம்புல எத்தினி நாளு வவுறு நெறஞ்சுகீது, எனக்கு மட்டும் தெரியலியா?" அவள் முபாஷிர் பக்கம் திரும்பினாள். "மேல ஏத்த முடியாதா பாய்?"

"ஏத்தலாம்கா. பைப்பு வேணும். செம்பு விக்கற வெலைக்கு ஒங்களாலயும் ஆவாது, என்னாலயும் ஆவாது. மாட்டுன கம்பெனிக்காரங்கள கேட்டுப் பாருங்க."

ஜானட் தொழிற்சாலை அதிகாரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் எரிந்து விழவில்லை. வால்டர் எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா என்று முதலில் கேட்டார். பிறகு முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அது கம்பெனி மனிதாபிமானத்துல செஞ்சதும்மா. மாட்டி முடிச்சு போட்டோ எடுத்து ஃபைல் க்ளோஸ் பண்ணியாச்சு. இனிமே அதுல ஒண்ணும் பண்ண முடியாது. பக்கத்து வீட்டுக்காரங்ககூட நீங்கதான் அனுசரிச்சுப் போகணும். சரியா?"

"சரி சார்," என்றாள் ஜானட். போன் அதற்குள் நின்றிருந்தது.

முபாஷிர் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து, வெறுமனே துடைத்துவிட்டு உள்ளே வைத்தான். "எங்கியாச்சும் பழைய மெஷினு கழட்டும்போது பைப்பு கெடச்சா எடுத்தாறேன்கா. கூலியெல்லாம் வேணா. ஆனா எப்ப கெடைக்கும்னு சொல்ல முடியாது. அது வரைக்கும் இன்னா பண்றதுன்னுதான் தெரியல."

வால்டர் ஏ.சி.யை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கட்டிலை.

"ஷாலுவ இங்க வரச் சொல்லு," என்றான். "புள்ளைய தூக்கிகினு வரட்டும். மதியானத்துல இங்க தூங்கட்டும்."

ஜானட் அவனையே பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அக்கம்பக்கத்து ஆள் யாரையும் அவன் அறைக்குள் விட்டதில்லை. சர்ச்சிலிருந்து சாமியார் நற்கருணை கொடுக்க வந்தபோதுகூடப் போர்வையால் தாடைவரை மூடிக்கொண்டவன்.

"அந்த வெள்ள சட்டைய எடு."

"துணி பட்டா அரிக்குமே."

"அரிக்கட்டும். பச்ச ஒடம்புக்காரி வர்றா, பயந்துக்கப் போவுது."

கைகளை உயர்த்த முடியாது. ஜானட் ஒவ்வொரு கையாக நுழைத்துவிட்டாள். காலர் கழுத்தில் பட்டபோது அவன் பல்லைக் கடித்தான். பித்தானைப் போட்டதும் கட்டிலை விட்டு இறங்கி மூலையில் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டான். ஜானட் விரிப்பை உதறிப் போட்டுவிட்டு, ஷாலுவைக் கூப்பிட அவளே போனாள்.

ஷாலு குடைக்குள் குழந்தையை மறைத்துக்கொண்டு வந்தாள். வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போது நிமிர்ந்து வால்டரின் கழுத்தைப் பார்த்தாள். கண் அங்கே ஒரு கணம் நின்றது.

"இன்னாணே, இப்பிடி எளச்சிட்ட?" என்றாள். "அண்ணி சோறு போடறதில்லியா?"

வால்டர் சிரித்தான். "போடுது. உப்புதான் போட மாட்டேங்குது."

"குடுக்கற சோத்துக்கு நக்கல பாரு," என்றாள் ஜானட்.

குழந்தையைக் கட்டில் நடுவில் கிடத்தினார்கள். அது காற்றில் கையைக் காலை உதைத்தது, கொஞ்சம் சிணுங்கியது. வால்டர் ஏ.சி.யின் வாயைப் பார்த்தான்.

"பாய், அந்த பட்டைய மேல தூக்கி வுடு. புள்ள மேல நேரா அடிச்சா சளி புடிச்சுக்கும்."

"மேல தூக்குனா ஒனக்கு அவ்ளோ வராதுணா."

"ரூம்லதான சுத்தும். தூக்கு."

முபாஷிர் தூக்கிவிட்டான். குழந்தையின் உதடு இரண்டு மூன்று தரம் சப்பிக்கொண்டது. பிறகு கை தளர்ந்து விரிப்பில் விழுந்தது. ஷாலு அதன் பக்கத்தில் தலையைச் சாய்த்தவள், பேசிக்கொண்டிருந்த வாக்கியம் முடியுமுன் தூங்கிப்போனாள். ஜானட் விளக்கை அணைத்தாள். இருட்டில் வால்டர் சட்டையைத் தொடாமல், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

கிளம்புமுன் வெளிப்பெட்டி சரியாக ஓடுகிறதா என்று இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்று முபாஷிர் அடுத்த தெருவுக்குப் போனான். வாசலில் செல்லம்மா இல்லை. வெயில் அங்கே வந்துவிட்டதால் தட்டையும் கூடையையும் உள்ளே இழுத்துப் போட்டிருந்தாள். சாயங்காலம் ஹோட்டல் வண்டி வருவதற்குள் முடிக்க வேண்டிய இறால்.

அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். அனல் முதுகில் அடித்து, நரைத்த முடியைக் காதுக்கு முன்னால் தள்ளியது. ஒதுக்கிவிடக் கை தோதுப்படவில்லை. தோளை உயர்த்தித் தேய்த்துக்கொண்டாள்.

"உள்ள சில்லுனு ஆயிடுச்சா நைனா?"

"ஆயிடுச்சும்மா. புள்ள தூங்கிடுச்சு."

"வால்டரு?"

"நல்லாகீறாரு."

"அப்ப சரி," என்று அடுத்த இறாலை எடுத்தாள். கூடைக்கு மேல் கொட்டியிருந்த ஐஸ் அந்தக் காற்றில் வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. இறால் நாற்றத்தோடு தண்ணீர் தரையில் ஓடி, அவள் புடவையை நனைத்து, வாசற்படி தாண்டித் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது.