கைப்பிடித்தவரின் கைப்பிடி

மேடையில் ஏறினால் அவருக்கு முழக்கம் என்று பெயர். இறங்கினாலும் அதே பெயர்தான். இறங்கிய பிறகும் அவர் நிறுத்துவதில்லை. பேருந்துப் பணிமனைத் தொழிற்சங்கத்தின் செயலாளர். "அடுப்படியில் அடைபட்ட பெண்ணே, வெளியே வா!" என்று அவர் அழைத்தால், கடைசி வரிசையில் உறங்குகிறவனும் விழித்துக் கைதட்டுவான். ஊரிலுள்ள அத்தனை அடுப்படிகளுக்கும் அந்த அழைப்புக் கேட்டது. ஒரே ஓர் அடுப்படிக்கு மட்டும் வேறோர் அழைப்புப் போகும்.

"டீ!"

அந்த அடுப்படிக்குரியவள் தையற்காரி. அவர் கைப்பிடித்த மனைவி. ஒரு நாள் அவள் தையல் எந்திரத்தை விட்டு எழவில்லை. பள்ளிச் சீருடைகள் மலைபோல் குவிந்திருந்தன.

"கெட்டில்ல இருக்கு. ஊத்திக்கோங்க."

சங்கத் தோழர்கள் நான்கு பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முழக்கம் எழுந்தார், கெட்டிலின் கைப்பிடிக்குள் விரல்களை விட்டுப் பார்த்தார், எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

"பாருங்க தோழர்களே, நுழையுதா? பொம்பளைங்க கைக்குன்னே அளவெடுத்துச் செஞ்சு வச்சிருக்கான். இது முதலாளியோட சதி! என் கைக்கு ஏத்த ஒரு கைப்பிடி மட்டும் இருக்கட்டும், ஆயுசுக்கும் நானே ஊத்துறேன். இவளுக்கும் சேர்த்து!"

தோழர்கள் கைதட்டினார்கள். டீயைத் தையற்காரி வந்து ஊற்றினாள்.

ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல் என்பார்கள். கூடத்தை நிமிர்த்திக் கொடுத்துவிட்டால் என்ன செய்வார் என்று கேட்டவர் எவருமில்லை. தையற்காரி கேட்டாள். தன் வீட்டு நாற்காலியில் சாய்ந்திருக்க, ஒருவர் ஊற்றித் தரும் ஒரு கோப்பை டீயை ஒரு முறையாவது குடித்துவிட வேண்டும். அவள் கேட்ட விடுதலை அவ்வளவுதான். அதற்கு மாநாடு தேவையில்லை. சரியான அளவில் ஒரு கைப்பிடி போதும். அளவு எடுப்பதுதான் அவள் தொழிலே.

டயர்க் கடைக்கு மேல்மாடியில் மண்கலம் வனையும் பயிற்சிக்கூடம் இருந்தது. முதல் நாள் ஆசிரியை ஒவ்வொருவரிடமும் வந்த காரணத்தைக் கேட்டார். வங்கி அதிகாரி மன அமைதிக்கு என்றார். பல் மருத்துவர் படைப்பாற்றலுக்கு என்றார்.

"ஒருத்தர் டீ ஊத்தணும்," என்றாள் தையற்காரி.

சக்கரத்தில் வைத்த மண் அவள் கையை உதறித் தள்ளியது; இடப்பக்கம் அடக்கினால் வலப்பக்கம் துள்ளியது.

"மண்ணைத் திட்டாதீங்க," என்றார் ஆசிரியை. "அது ஆடுதுன்னா உங்க கை ஆடுதுன்னு அர்த்தம். முழங்கையை இடுப்போட ஒட்டிக்கோங்க."

ஒட்டிக்கொண்டாள். பல வாரங்களுக்குப் பிறகு மண் நடுவில் நின்றது. நடுவில் நின்ற மண் உயர்ந்தது. குடமாய் வயிறு புடைத்தது. இனிக் கைப்பிடிக்கு அளவு வேண்டும். வீட்டில் முழக்கம் அன்றைய உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். வானை நோக்கி உயர்ந்த முஷ்டியைச் சுற்றி அளவுநாடா ஓடியது.

"என்ன பண்றே?"

"அளவு எடுக்குறேன்."

"எதுக்கு?" அவர் குரல் தழைந்தது. "சிலைக்கா?"

சூளையிலிருந்து வந்த முதல் கலத்தின் கைப்பிடிக்குள் அவருடைய இரண்டே விரல்கள்தாம் போயின. தையற்காரி அதை ஆசிரியையிடம் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"நாடா வச்சு அளந்தேன்க்கா! நூல்கூடப் பிசகாதே!"

"ஈரத்துல இருக்கிற அளவு நிக்காதும்மா. மண்ணு சுருங்கும்."

"துணி தண்ணியில சுருங்கும்னு தெரியும். நனைச்சுக் காயவச்சுத்தான் வெட்டுவேன். இது நெருப்புலயா சுருங்கும்?"

"காயும்போது கொஞ்சம், வேகும்போது கொஞ்சம்."

"அட, எங்க வீட்டுக்காரர் வாக்குறுதி மாதிரி," என்றாள் தையற்காரி. பல் மருத்துவரின் கையிலிருந்த கிண்ணம் சிரிப்பில் நசுங்கிப் போயிற்று.

அடுத்த கலத்தில் சுருக்கத்துக்கும் இடம் விட்டு வனைந்தாள். நான்கு விரலும் அடங்கின.

"ஆனா மூக்கு ஒழுகுதே," என்றார் முழக்கம். "சொட்டுச் சொட்டா மேஜையெல்லாம் கறை!"

மூக்கின் உதட்டைக் கத்தி முனைபோல் மெலிதாக்கக் கற்றாள். ஒழுகல் நின்றது. சாய்த்தால் மூடி விழுகிறது என்றார். மூடிக்கு உள்விளிம்பு இறக்கக் கற்றாள். கனக்கிறது, மேடையில் உயர வேண்டிய கை சுளுக்கிக்கொள்ளும் என்றார். அடிமண்ணைச் சீவி எடை குறைக்கக் கற்றாள். அவர் ஒரு சாக்குச் சொன்னால் அவள் ஒரு வித்தை படித்தாள். மன அமைதிக்கு வந்த வங்கி அதிகாரியின் கலம் இன்னும் கோணிக்கொண்டுதான் இருந்தது.

"உங்க வீட்டுக்காரரையே இங்க வாத்தியாராப் போட்டுடலாம்," என்றார் ஆசிரியை. "குறை கண்டுபிடிக்க இப்படி ஒரு ஆளு கிடைக்காது."

கடைசியில் குறையே இல்லாத ஒரு கலம் பிறந்தது. முழக்கம் தண்ணீர் நிரப்பிச் சாய்த்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், தலைகீழாய்க் கவிழ்க்காத குறைதான். சாக்குப் பையைத் துழாவியவருக்கு அடியில் இன்னும் ஒன்று அகப்பட்டது.

"இது கலை! கலையில போய் டீ ஊத்துறதா?"

கண்ணாடி அலமாரியில், தாம் வாங்கிய கேடயங்களுக்கு நடுவே அதை வைத்துப் பூட்டினார். மறுநாள் மேடையில், "என் மனைவியைக் கலைஞராக்கியவன் நான்!" என்று முழங்கினார். அவர் அந்த மேடையில் பேசியவற்றுள் மறுக்க முடியாத உண்மை அது ஒன்றே.

அடுத்த செயற்குழு அவர் வீட்டுக் கூடத்தில் கூடியது. தையற்காரி அலமாரியைத் திறந்து கலத்தை எடுத்தாள். கொதிக்கக் கொதிக்க டீயை நிரப்பினாள். ஒரு கோப்பையோடு மேஜைக்கு வந்தாள், கலத்தைக் கணவர் முன் வைத்தாள், நாற்காலியை இழுத்துப்போட்டுச் சாய்ந்தாள், வெறுங்கோப்பையை நீட்டினாள்.

"அது கலைப்பொருள்..." என்று தொடங்கினார் முழக்கம்.

"கலையில்லீங்க, கலம். ஊத்தலேன்னா வெறும் மண்ணு."

குழுவில் இருந்த ஒரே பெண்ணான நடத்துநர் வாயைத் திறந்தார்.

"தோழர், ரைட் குடுத்தாச்சு. வண்டி ஏன் நிக்குது?"

முழக்கம் மூக்கைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், அடியைப் பார்த்தார். எதுவும் அவருக்குத் துணை வரவில்லை. கை தானாக உள்ளே நுழைந்தது. ஊற்றினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

கரவொலி எழுந்தது. கலம் செய்தவளுக்கு அல்ல, அதைச் சாய்த்தவருக்கு. அவர் எழுந்து நின்று நன்றியுரை ஆற்றினார். "மாற்றம் என் வீட்டில் தொடங்கிவிட்டது" என்பதிலிருந்து "உலகத் தொழிலாளர்" வரை போவதற்குள் மற்றவர்களின் டீ ஆறிப்போயிற்று. தையற்காரி சூடாகக் குடித்தாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது கோப்பையை மறுபடி நீட்டினாள். பேச்சு பாதியில் நிற்க, மறுபடி ஊற்றினார்.

சனிக்கிழமை ஆசிரியை கேட்டார்.

"அப்புறம் என்ன, ஜெயிச்சாச்சு. இனிமே வர மாட்டீங்களா?"

"கோப்பையெல்லாம் கழுவச் சொன்னேன்க்கா. தொட்டி ஆழமில்லையாம், தண்ணி தெறிச்சுச் சட்டை நனையுதாம். அவ்வளவு பெரிய தொட்டி சக்கரத்துல வருமா?"

"வராதும்மா. மண்ணைத் தகடாத் தட்டி, கையாலதான் கட்டணும். லேசுல கைவராது."

"கத்துக்கிறேன்," என்று புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள் தையற்காரி. "எவ்வளவு மண்ணு எடுக்கட்டும்?"